ஆண்டியப்பன் அடுப்புக்கு ராசாவான கதை

இந்தத் தீபாவளிக்கு மாமியார் வீட்டு மாவு ஒரு கரண்டிகூடத் தன் வாசற்படி ஏறக்கூடாது என்று ஆண்டியப்பன் முடிவு கட்டிவிட்டான்.

சாதாரண ஆள் எடுத்த முடிவு என்று நினைத்துவிடாதீர்கள். தேயிலை பண்ணுகிற ஸ்டோரில் கொழுந்து காயவைக்கிற பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன் அவன். ஒரு தோட்டத்துத் தேயிலை முழுக்க அவன் மூட்டும் நெருப்பில் காய்ந்துதான் கப்பலேறுகிறது. அப்பேர்ப்பட்டவன் வீட்டில் நாள் கிழமை என்று வந்தால் மாமியார் காளியாயி ஆட்டிய மாவு, காளியாயி தாளித்த குழம்பு, காளியாயி காய்ச்சிய ரசம். வந்தவர்கள் வயிறாரச் சாப்பிடுவார்கள். "ஆண்டியப்பன் வீட்டு இட்லி போல உண்டா!" என்பார்கள். அதோடு நிறுத்தினால் என்ன? "காளியாயி கையாச்சே!" என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். அவன் தின்ற இட்லி தொண்டையிலேயே நின்றுவிடும்.

காளியாயி ஒன்றும் தூரத்தில் இல்லை. ஒரே கூரைக்கீழ் வரிசையாக அறைகள் உள்ள லயத்தில் அடுத்த காம்பரா. மகன் செல்லசாமி, மருமகள் மீனம்மா, பேரப்பிள்ளை என்று அங்கே ஒரு குடும்பம். இங்கே மகள் நாகலெட்சுமியும் ஆண்டியப்பனும். நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவராவது ஒழுங்காகக் கூரைவரை போனதா? இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே திறந்து கிடந்தது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் வாழ்த்துவார்கள். இந்தப் பக்கம் கடுகு வெடித்தால் அந்தப் பக்கமிருந்து செல்லசாமி, "மச்சான், என்ன விசேஷம்?" என்பான்.

நாகலெட்சுமி படும் பாட்டையும் சொல்லிவிட வேண்டும். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலையேறினால் பகலெல்லாம் கொழுந்து பறிப்பு. சாயங்காலம் கொழுந்தை நிறுத்துப் போட்டு, பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்ட ஒரு வயதுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீடு வரும்போது மலை உச்சியில் மட்டும்தான் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும். வந்த கையோடு அடுப்பு. ஈர விறகு. புகை. ஒரு கையில் அம்மிக் குழவி, ஒரு காலில் பிடித்துத் தொங்கும் பிள்ளை. சட்டியை இறக்கும்போது பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கியிருக்கும்.

ஆண்டியப்பனுக்கு இருட்டோடு வேலை தொடங்கி மத்தியானம் முடிந்துவிடும். வருவான். தூங்குவான். எழுந்து பீடி குடிப்பான். அவள் சோறு போட்டதும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வான்.

"ஏங்க, எம் புள்ள மொகத்த வெளிச்சத்துல பாத்து எத்தன நாளாச்சு தெரியுமா?" என்றாள் ஒருநாள்.

"ஞாயித்துக்கெழம பாத்தியே. ரசத்துல புளி பத்தல."

நாகலெட்சுமி அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். இது லயத்தில் எல்லாருக்கும் தெரியும், ஆண்டியப்பனைத் தவிர.

அடுத்த வாரம் அவன் நோர்வூட் டவுனில் சரிபுதீன் நானா கடைக்குப் பீடி வாங்கப் போனான். வழக்கமாக அவன் கை போகிற இடத்தில், பீடிக் கட்டுகளுக்கு மேலே, ஒரு புத்தகம் இருந்தது. சமையல் புத்தகம். மெட்ராசில் அச்சானது. அட்டையில் ஒரு அம்மாள் கரண்டியோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா நானா, புத்தகமும் விக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு வந்திச்சு. படிக்கத் தெரிஞ்ச மனுசர் யாரும் வந்தாக் குடுப்பம்னு வச்சிருக்கன்."

படிக்கத் தெரிந்த மனுசர்! லயத்துக்கே பேப்பர் வாசித்துக் காட்டுகிறவன் ஆண்டியப்பன். நான்கு பக்கம் புரட்டினான். இட்லி என்று தலைப்புப் போட்டு, கீழே எல்லாம் எழுதியிருந்தது! அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு, உப்பு எவ்வளவு. மாமியார் கை, மாமியார் கை என்று இத்தனை நாளாக உலகத்தை ஏமாற்றிய ரகசியம் இரண்டு விரல்கடைக்குள் அடங்கிக் கிடந்தது. இதற்கு எதற்குக் காளியாயி? கண் இருந்தால் போதாதா?

பீடியை மறந்துவிட்டுப் புத்தகத்தோடு வீடு வந்தான்.

நாகலெட்சுமி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கோயில் பிரசாதம் வாங்குகிறவள் போலப் புத்தகத்தை வாங்கினாள். வாதுமைப் பருப்பு, குங்குமப்பூ, பன்னீர் என்று அவன் படிக்கப் படிக்க அவள் கண் விரிந்துகொண்டே போனது.

"ஆத்தாடி! இம்புட்டும் ஒருத்தி தெரிஞ்சு வச்சிருக்காளா? அதையும் நீங்க படிச்சுப்புட்டீங்களா?"

"இதென்ன பெரிய காரியம்? இந்தத் தீபாவளிக்கு இட்லி என் கையால. புத்தகத்துல உள்ளபடி. ஒங்காத்தா வீட்டு மாவு வேணாம்."

சுவருக்கு மேலே செல்லசாமியின் தலை முளைத்தது. தேயிலைப் பெட்டி ஒன்றின்மேல் ஏறி நின்றால் அவனுக்கு அது சாத்தியம்.

"மாவு எழும்பலன்னா என்னா செய்வீங்க மச்சான்?"

"எழும்பலன்னா இனிமே சாப்பாட்டப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேன். போட்டதத் தின்னுட்டுப் போவேன்."

"எழும்பிருச்சுன்னா?"

இதைக் கேட்டது செல்லசாமி இல்லை. நாகலெட்சுமி. குனிந்து பிள்ளையின் மூக்கைத் துடைத்தபடி கேட்டாள்.

"எழும்பிருச்சுன்னா இந்த அடுப்புக்கு நாந்தான் ராசா!" ஆண்டியப்பன் சுவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "வேற யாரு கையும் இந்த அடுப்புல படக்கூடாது!"

"என் கையுமாங்க?"

"ஒங் கையுந்தான்!"

"சத்தியமா?"

அடுப்புக்கல்லில் அடித்துச் சத்தியம் செய்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன இருமல் கேட்டது. காளியாயியின் இருமல்.

தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்ததால் முதலில் ஒரு ஒத்திகை. ஆட்டுக்கல்லில் ஆண்பிள்ளை உட்கார்ந்ததைப் பார்க்க லயமே கூடியது. மாவு கல்லில் பாதி, மீசையில் பாதி. மிச்சத்தை வழித்து அலுமினியச் சட்டியில் மூடினான். "இரவு முழுவதும் வைத்திருக்கவும். காலையில் பொங்கி இருக்கும்" என்றது புத்தகம்.

அது மெட்ராஸ் இரவு. நம் மலையில் ராத்திரி குடத்தில் வைத்த தண்ணீருக்குள் காலையில் கையை விட்டால் கை இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த அம்மாள் கம்பளியே போர்த்தியிருக்க மாட்டாள் பாவம். ஆண்டியப்பன் படுத்தான், எழுந்தான், மூடியைத் திறந்து பார்த்தான். படுத்தான், எழுந்தான், திறந்து பார்த்தான். விடிந்தது. மாவு எப்படிப் படுத்ததோ அப்படியே படுத்திருந்தது.

இருந்தாலும் அவித்தான். இட்லியைத் தட்டில் போட்டபோது 'டங்' என்றது.

"மச்சான்," என்றது சுவர், "ரோட்டுக்குக் கல்லு ஒடைக்கிறீங்களா?"

ஆண்டியப்பன் சளைக்கவில்லை. மறுபடியும் ஆட்டினான். வீட்டில் வைத்தால்தானே சுவர் பேசும்? இரண்டாவது மாவை யாருக்கும் தெரியாமல் ஸ்டோருக்கே தூக்கிக்கொண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். வேலை மும்முரத்தில் அதை மறந்தும் போனான்.

கொஞ்ச நேரம் போனது. டீமேக்கர் ஐயா மூக்கைத் தூக்கினார். ஸ்டோரில் தோட்டத்துத் துரைக்கு அடுத்தபடி, தேயிலைப் பதம் பார்க்கிற டீமேக்கர்தான். அவர் மூக்குக்கு மட்டும் துரையே பயப்படுவார்.

"டேய், என்னடா புளிச்ச வாடை?"

அரைத்த கொழுந்தை மேசைகளில் பதமாகப் பரப்பி வைத்திருக்கும் நேரம் அது. கொஞ்சம் தவறினாலும் புளித்துவிடும். புளித்தால் அவ்வளவு தேயிலையும் குப்பை. ஐயாவின் முகம் வெளுத்தது. மேசை மேசையாகக் குனிந்து மோந்தார். ஆட்களையும் மோக்கச் சொன்னார். ஆண்டியப்பனும் எல்லாரோடும் சேர்ந்து, உலகத்தில் ஒரு பாவமும் அறியாத முகத்தோடு, குனிந்து குனிந்து மோந்தான். தரையைக் கழுவு என்றார்கள். கழுவினான். கழுவுகிற சாக்கில் விறகுக்குப் பின்னால் போய்ப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, சட்டிக்கு வெளியே தலை நீட்டியிருந்தது. நுரை நுரையாக, பூப் போல! அவன் வாழ்நாளில் அவன் கையால் எழும்பிய முதல் மாவு. அதைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்து ஓடையில் கவிழ்த்தபோது அவன் கண் கலங்கியது. புகை என்று பிறகு சொல்லிக்கொண்டான்.

வீட்டில் நாகலெட்சுமியிடம் மட்டும் குசுகுசுவென்று சொன்னான்.

"எழும்பிருச்சு புள்ள! என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஆனா வீட்டுல மட்டும் ஏன் எழும்ப மாட்டேங்குது?"

அவள் தாடையில் கைவைத்து யோசித்தாள். "ஸ்டோருல தொறந்து தொறந்து பாத்தீங்களா?"

"இல்லையே. மறந்துல்ல போயிட்டேன்."

"வீட்டுல?"

ஆண்டியப்பன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்.

"பாத்தீங்களா! ஆம்பள இப்படி நிமிஷத்துக்கு ஒருதரம் தொறந்து பாத்தா எந்த மாவுதான் எழும்பும்? அதுக்கும் வெக்கம் இருக்காதா?"

என்ன புத்தி இவளுக்கு என்று அசந்துபோனான். புத்தகத்தில்கூட இதைப் போடவில்லை!

தீபாவளிக்கு முதல் நாள் ஆட்டி, மூடி, மூடிமேல் கல் வைத்தான். திறக்கவே இல்லை. அன்று குளிர் கொஞ்சம் அதிகம். அவன் வேலைக்குப் போர்த்துகிற கம்பளியை வேறு காணோம். "பண்டிகைக்குத் தொவைக்க எடுத்து வச்சிட்டேன்" என்றாள். பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டக் கிட்ட, மாவு இருந்த பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தான்.

விடியுமுன் எண்ணெய்க் குளியல். நாகலெட்சுமி அவன் தலையில் எண்ணெயை ஊற்றித் தேய்த்து, மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்கு அனுப்பினாள்.

"அவசரப்படாதீங்க. நல்லா ஊறட்டும். வருசத்துக்கு ஒரு நாளு. செல்லசாமி அண்ணனுக்கும் முதுகு தேச்சு விட்டுட்டு வாங்க."

மச்சான்மார் இருவரும் பனிக்கட்டி போல் கொட்டுகிற தண்ணீரில் ஒருவரை ஒருவர் தேய்த்துக்கொண்டு நடுங்கிவிட்டு வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மாவுச்சட்டி வைத்த இடத்தில் இருந்தது. மேலே வைத்த கல் பக்கத்தில் உருண்டு கிடந்தது.

ஆண்டியப்பன் கிட்டப் போனான். மூடி தானாகத் தூக்கி நின்றது. கீழே வெள்ளையாக, மெத்தென்று, உயிருள்ளது போல, மாவு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"புள்ள..." என்றான்.

அந்த இட்லியை எப்படிச் சொல்வது! விரலால் தொட்டால் குழிந்து, விரலை எடுத்தால் நிமிர்ந்தது. ஆவி பறக்க வாயில் போட்டால் பல்லுக்கு வேலையே இல்லை. லயத்தில் உள்ள பெரியவர்கள் வரிசையாக வந்தார்கள். தின்றார்கள். கண்ணை மூடினார்கள். "ஆண்டியப்பன் கை!" என்றார்கள். ஆண்டியப்பன் கை! மீனம்மா தன் புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் செல்லசாமிக்கு இட்லி இறங்கவில்லை. காளியாயி வாசல் ஓரமாக வந்து நின்று, ஒரு விள்ளல் வாயில் போட்டு, "மாப்புள்ளைக்குக் கை வந்திருச்சு" என்றாள். மாமியார் வாயால்! ஆண்டியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

பண்டிகை முடிந்தது. மறுநாள் வேலை. சாயங்காலம் நாகலெட்சுமி பிள்ளையோடு வந்தாள். அடுப்படிக்குப் போகவில்லை. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"என்னா புள்ள, அடுப்புப் பத்த வைக்கல?"

"ஐயய்யோ, நானா? ராசா அடுப்பாச்சேங்க. சத்தியம் பண்ணியிருக்கீங்க. சாமி குத்தம் ஆயிடாதா?"

"அது... பண்டிகைக்குச் சொன்னது..."

"என்னது மச்சான்?" சுவருக்கு மேலே தலை வந்தது. "சத்தியம் பேச்சுக்குச் சொன்னதுன்னா, இட்லியும் பேச்சுக்குச் சுட்டதா?"

ஆண்டியப்பன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

புத்தகத்தில் கூப்பனுக்குக் கிடைக்கிற அரிசிச் சோறு இல்லை. கோதுமை மா ரொட்டி இல்லை. கருவாட்டுக் குழம்பு மருந்துக்கும் இல்லை. பன்னீர் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. தவித்துக்கொண்டு நின்றபோது சுவர் பேசியது. இந்தத் தடவை காளியாயியின் குரல்.

"மாப்புள்ள, எண்ணெ காஞ்சிருச்சு. கடுகப் போடுங்க."

போட்டான்.

"இப்ப வெங்காயம். ம்... செவக்குது. புளிய விடுங்க. கருவாட்டக் கழுவுனீங்களா?"

"கழுவுனேன் அத்தை."

"ஒருதரந்தான் கழுவியிருக்கீங்க. இன்னொருதரம்."

ஆண்டியப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், வாசத்தை வைத்தே எண்ணெயும் உப்பும் கழுவிய கணக்கும் சொல்கிறாளே! டீமேக்கர் ஐயா மூக்கெல்லாம் இந்த மூக்குக்கு முன்னால் எந்த மூலை?

இப்படியே நாள் ஓடியது. ஒருநாள் குழம்பு தண்ணீர், ஒருநாள் ரொட்டி கரி. நாகலெட்சுமி எதையும் குறை சொல்லவில்லை. "இது புத்தகத்துல உள்ள ருசி போலங்க" என்று பக்தியோடு தின்றாள். போகப் போகக் குழம்பு குழம்பாகவே வந்தது.

அந்தச் சமயத்தில் மழை கனத்தது. துவைக்க என்று எடுத்து வைத்திருந்த அவனுடைய கம்பளியை நாகலெட்சுமி கொடுத்தாள். அதைப் போர்த்திக்கொண்டு ஸ்டோருக்குப் போய் அடுப்புப் பக்கம் நின்றான். கம்பளி சூடேறியது. டீமேக்கர் ஐயா மூக்கைத் தூக்கினார்.

"டேய், மறுபடியும் அதே புளிச்ச வாடை!"

எல்லாரும் மோந்தார்கள். ஆண்டியப்பனும் மோந்தான். மேசையில் இல்லை. தரையில் இல்லை. விறகுக்குப் பின்னாலும் இல்லை. தோளில் இருந்தது. கம்பளியைப் பிரித்தான். உள்பக்கம் வட்டமாக, சட்டி அளவுக்கு, மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

அந்த இடத்திலேயே எல்லாம் அவனுக்கு விளங்கிவிட்டது. தான் சேலையைச் சுற்றிக்கொண்டு நடுங்கிய ராத்திரி, சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்போரத்தில் தன் கம்பளியைச் சுகமாகப் போர்த்திக்கொண்டு தூங்கியது மாமியார் மாவு! அவன் வீட்டுச் சட்டியும் காளியாயி வீட்டுச் சட்டியும் கல்யாணத்தின்போது சேர்த்து வாங்கிய ஒரே மாதிரிச் சட்டிகள். பீலியில் மச்சான் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சட்டி இடம் மாறிவிட்டது.

மத்தியானம் புயலாக வீடு திரும்பினான். காளியாயி மட்டும் பக்கத்துக் காம்பராவில் இருந்தாள்.

"அத்தை! என் மாவு எங்க?"

சுவர் ஒரு தடவை இருமியது. "கோழிக்குப் போட்டேன் மாப்புள்ள. அதுவும் சுத்திச் சுத்திப் பாத்துட்டுத்தான் தின்னுச்சு."

"ஏன் இப்படிச் செஞ்சீங்க? நான் தோத்திருந்தா ஒங்களுக்குத்தானே பெருமை?"

"தோத்தா வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்னீங்க. ஒங்க வாயி மூடுனா எம் மகளுக்கு அடுப்பெரிக்கிற வேல கொறையுமா மாப்புள்ள? அவதான் ஒங்கள ஜெயிக்க வைக்கணும்னு சொன்னா."

ஆண்டியப்பன் குதித்தான். இன்றைக்கே லயத்தைக் கூட்டி விஷயத்தை உடைத்துவிடுவேன் என்றான். வாசல்வரை போனான். கூட்டி என்ன சொல்வது? அந்த இட்லி என்னுடையது இல்லை என்றா? செல்லசாமியிடமா? 'ஆண்டியப்பன் கை' என்று கண்ணை மூடிய பெரியவர்களிடமா?

திரும்பி வந்தான்.

"மாப்புள்ள," என்றது சுவர் பணிவாக, "மழ விட்டிருச்சு. கம்பளிய வெயில்ல போடுங்க. பருப்ப ஊற வச்சிருங்க."

சாயங்காலம் நாகலெட்சுமி வந்தாள். மலை உச்சியில் மஞ்சள் வெளிச்சம் இன்னும் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து பிள்ளையைத் தூக்கிப் பிடித்தாள். பிள்ளை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவள் கத்தினாள், பிள்ளை சிரித்தது. அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஆண்டியப்பனுக்குப் பிள்ளையின் கன்னத்தில் குழி விழுவது அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் பருப்போடு சேர்ந்து கரைந்துவிட்டது. மாவை எழுப்பினாள், என்னையும் எழுப்பி அடுப்படியில் நிறுத்திவிட்டாள், இவளை என்ன செய்வது என்று பிரமித்துப் போய்க் கரண்டியோடு நின்றான்.

"மாப்புள்ள, அடி பிடிக்குது!" என்றது சுவர்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு நோர்வூட்டுக்குப் போனான். வம்பெல்லாம் இந்தப் புத்தகத்தால் வந்தது. யார் கண்ணிலும் படாமல் தொலையட்டும்.

"நானா, இத நீங்களே எடுத்துக்குங்க. காசு வேணாம்."

சரிபுதீன் நானா முகமெல்லாம் மலர்ந்தார். அட்டையைத் துண்டால் துடைத்து, பீடிக் கட்டுகளுக்கு மேலே பதவிசாக வைத்தார்.

"நல்ல நேரத்துக்குக் கொண்டாந்தீங்க. இன்னொண்ணு இருக்கான்னு நேத்துத்தான் ஒங்கட பொஞ்சாதி கேட்டுட்டுப் போனாங்க."

"லெச்சுமியா? அவளுக்கு எதுக்கு?"

"அவங்களுக்கில்ல, மீனம்மாவுக்கு. செல்லசாமி இன்னைக்குப் பீடி வாங்க வருவாராம். அன்னைக்கு ஒங்களுக்கு வச்ச மாதிரியே அவருக்கும் கண்ணுல படுற எடத்துல வைக்கச் சொன்னாங்க."